பாதை பூட்டுற நாள்

பஸ் ஸ்ரொப்பில கத்தினவன் உம்மைச் சொல்லேல்லை, பிள்ளை. என்னையும் சொல்லேல்லை. எங்களுக்குப் பின்னால குடையில்லாமல் நிண்டவளைப் பார்த்துத்தான் சொன்னவன், பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்கட நாட்டுக்குப் போங்கோ எண்டு. உம்மட முகம் ஒரு மாதிரிப் போயிட்டுது, நான் பார்த்தனான். அதுதான் வந்து பக்கத்தில இருந்தனான். தமிழ்ப் பிள்ளை எண்டு கண்டவுடனயே தெரிஞ்சுது. கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி இரும். என்ரை சட்டை நனைஞ்சு கிடக்கு.

அவள் என்னோட வேலை செய்யிறவள்தான். அந்தா, முன்னுக்கு இருக்கிறாள், தலைமயிரைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. பேர் டனூட்டா. போலந்து. நாங்கள் பிளேனுக்குச் சாப்பாடு அடுக்கிற இடத்தில வேலை. ட்ரேயில சோத்துப் பெட்டி ஒரு பக்கம், பாண் ஒரு பக்கம், கேக் துண்டு ஒரு பக்கம். எனக்குக் காய்ச்சலெண்டா என்ரை ட்ரேயையும் சேர்த்து அவள்தான் அடுக்குவாள். நல்லவள். தன்ரை பேரைச் சொல்லிக் கதைக்கிறன் எண்டு தெரிஞ்சு திரும்பிச் சிரிக்கிறாள் பாரும். சிரிக்கட்டும். தமிழ் விளங்காது.

மழையைப் பாருமன். விடியத் துவங்கினது. பாலத்துக்குக் கீழ தண்ணி நிக்குதாம், டிரைவர் சொல்லுறான். முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் போகேலாது. எனக்கெண்டா அவசரமில்லை. வோட் போடுற இடத்தை இரவு பத்து மணி வரைக்கும் திறந்துதான் வைச்சிருப்பாங்கள். பாலம் தாண்டின உடன வாற சேர்ச் மண்டபத்திலதான் எனக்கு வோட். ஹொலண்ட், போலந்து எண்டு எல்லா நாடும் சேர்ந்த கூட்டில இந்த நாடு உள்ளுக்கு நிக்கிறதோ, வெளியில போறதோ எண்ட வோட். வேலையால நேர அங்கதான் போறன்.

எந்தப் பக்கம் எண்டு கேக்கமாட்டீரோ. எல்லாரும் கேட்டினம். ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. உமக்குச் சொல்லலாம். உம்மை நான் திரும்பக் காணப்போறனோ?

வெளியில எண்டு போடப்போறன்.

அப்பிடிப் பார்க்காதையும். நான் ஒருத்தரிலயும் கோவத்தில போடப்போகேல்லை. ரீவியில கத்துறவங்களுக்காகவும் இல்லை. அவங்கள் சொல்லுறதில பாதி எனக்கு விளங்காது. நான் எட்டாம் வகுப்போட நிண்டவள். ஆனா ஒண்டு விளங்கும். பாதை பூட்டினா என்ன நடக்கும் எண்டு விளங்கும். அது இந்த நாட்டில படிச்ச ஆக்களுக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு தங்கச்சி. மேகலா. அவள் பிறந்தாப்பிறகு அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்திட்டுது. வாளி தூக்கக்கூடாது, அடுப்பு ஊதக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அப்ப ஆர் தூக்கிறது, ஆர் ஊதிறது? பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கழட்டி மடிச்சு வைச்சன். பிறகு அதையே வெட்டி அவளுக்குச் சின்னச் சட்டை தைச்சுப் போட்டன். நான் அதை ஒருநாளும் அவளுக்குச் சொல்லிக் காட்டினதில்லை. அவளுக்குத் தெரியும். எப்பவாவது கதை வந்தாச் சொல்லுவன், அவ்வளவுதான்.

அவளுக்கு எட்டு வயசு வரேக்கை அம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டவேணும் எண்டு மாமா கூட்டிக்கொண்டு போனார். ரெண்டு கிழமையால வந்திடுவம் எண்டிட்டுத்தான் போச்சினம். சண்டை துவங்கி, கொழும்புக்கும் எங்கட ஊருக்கும் இடையில இருந்த பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். பாதை பூட்டிறதெண்டா, பிள்ளை, ஆர் எந்தப் பக்கத்தில நிண்டதோ அந்தப் பக்கம்தான். அழுதாலும் சரி, குளறினாலும் சரி. அங்கால நிண்ட அம்மா அங்கால. அங்கயே செத்தும் போனா. இஞ்சால நிண்ட நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சால.

அது பொல்லாத காலம்தான். சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மேல ஹெலி சுத்தும். ஆனா உமக்கு உண்மையைச் சொல்லுறன். நான் என்ரை சீவியத்தில நிம்மதியா நித்திரை கொண்டது அந்த வருசங்களிலதான். ஏன் தெரியுமோ? பொழுதுபட்டா அவள் வீட்டில நிப்பாள் எண்டு தெரியும். எங்க போறது? போறதுக்கு ஒரு இடமுமில்லை.

பிறகு கடலால, காட்டால எண்டு ஒவ்வொரு வழி வந்திட்டுது. வழி வந்தவுடன சனம் சிதறத் துவங்கிட்டுது. எனக்கு லண்டனில கலியாணம் பொருந்திச்சு. அவளைச் சித்தி வீட்டில விட்டிட்டு வந்தன். அவளுக்கு ஹொலண்டில பொருந்திச்சு. ரூபன் எண்டு, நெதானமான பொடியன். கதை குறைவு. குறைவாக் கதைக்கிறவையிலதான் எனக்குப் பயம், அது வேற கதை.

என்ரை மனுசன் செத்துப்போனார். மகன் கனடாவில கலியாணம் கட்டி அங்கயே. போன் எடுப்பான், நான் பிழை சொல்லமாட்டன். அந்த நேரம்தான் மேகலா குடும்பத்தோட இஞ்ச வந்தவள். பிள்ளைக்கு இங்கிலீஷ் படிப்பு வேணும் எண்டு. ஹொலண்ட் பாஸ்போட் இருந்தா ஒருத்தரும் கேள்வி கேக்கிறேல்லை, பஸ்ஸில ஏறி இறங்கிற மாதிரி வந்து இறங்கிச்சினம். என்ரை வீட்டில இருந்து ரெண்டு வீடு தள்ளி வாடகைக்கு எடுத்துக் குடுத்தன். அவள் கறி வைச்சா எனக்கு ஒரு கிண்ணம். நான் தோசை சுட்டா அவைக்கு. நிலாணி, அவளின்ரை மகள், பள்ளிக்கூடம் விட்டு வந்தா நேர என்ரை வீட்டுக்குத்தான். சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, பெரியம்மா பசிக்குது எண்டுவாள்.

அப்ப எனக்கு ஏன் நிம்மதியில்லை எண்டு கேக்கலாம். நீரே யோசியும். கேள்வியில்லாமல் வரலாம் எண்டா, கேள்வியில்லாமல் போகவும் ஏலும்தானே. ஒரு நாள் விடிய எழும்பிப் பார்க்க அந்த வீட்டு ஜன்னலில திரைச்சீலை இல்லாட்டி? நான் வேலையால வந்தா முதல் அந்த ஜன்னலைத்தான் பார்க்கிறனான். சீலை தொங்குதெண்டாத்தான் என்ரை வீட்டுத் திறப்பைப் பையிலயிருந்து எடுப்பன்.

இந்த வோட் கதை துவங்கின நாளிலயிருந்து மேகலா ஒரே கரைச்சல். "அக்கா, எங்களுக்கு வோட் இல்லை. ரூபனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இந்த நாட்டில எங்களுக்கெண்டு இருக்கிறது உங்கட ஒண்டுதான். உள்ளுக்கு எண்டு போடுங்கோ." கறிவேப்பிலை உருவிக்கொண்டு சொல்லுவாள். உடுப்புக் காயப்போடேக்கையும் சொல்லுவாள். நான், ஓம் ஓம் எண்டுவன்.

ரூபன் ஒரே ஒரு நாள்தான் அதைப் பற்றிக் கதைச்சவர். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில. "மச்சாள், உள்ளுக்கு எண்டு வந்திட்டா நாங்கள் இந்தத் தெருவிலயே வீடு பார்க்கப்போறம். வெளியில எண்டு வந்தா நிக்கமாட்டம். எங்களை வேண்டாம் எண்டு சொல்லுற இடத்தில பிள்ளையை வளர்க்கேலாது. பள்ளிக்கூட லீவுக்குள்ள போயிடுவம்."

நான் சொன்னன், "பாதை பூட்டினாப்பிறகு எப்பிடித் தம்பி போவியள்?"

"மச்சாள், பாதையைப் பூட்டுறது எங்களுக்கு வாறதுக்கு. போறதுக்கு ஆர் மறிக்கிறது?"

மேகலா சிரிச்சவள். நானும் சிரிச்சன். ஆம்பிளையள் இப்பிடித்தான். வீடு, வாசல், பள்ளிக்கூடம் எல்லாத்தையும் விட்டிட்டு ஆரும் எழும்பிப் போவினமே? சும்மா வெருட்டுறார். என்ரை மாமாவும் இப்பிடித்தான் சொன்னவர், எப்பிடியாவது அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு. வந்தவரே? பூட்டினாப் பூட்டினதுதான். ரூபனுக்கு அது தெரியாது. சின்னனிலயே ஊரை விட்டு வந்தவர்.

இப்ப கொஞ்ச நாளா அவர் பிள்ளையோட ஹொலண்ட் பாஷையிலதான் கதைக்கிறார். முந்தித் தமிழ். நல்லதுதானே, ஒரு பாஷை கூடத் தெரிஞ்சிருந்தா. வேலை செய்யிற ஸ்ரோரில இருந்து வெறும் மட்டைப் பெட்டியளும் கொண்டுவந்து படிக்குக் கீழ அடுக்கியிருக்கிறார். அது பழைய உடுப்புக் கட்டவாம். மேகலா சொன்னவள். நான் கேட்டுத்தான் சொன்னவள். வீட்டுக்காரனுக்குக்கூட இந்த முறை வருசத்துக்கெண்டு எழுதிக் குடுக்கேல்லை, மாசம் மாசமாப் பார்ப்பம் எண்டிட்டினம். வீடு வாங்கிற யோசினை இருக்கெண்டா அப்பிடித்தானே செய்யவேணும்.

என்ன பிள்ளை, குளிருதோ? அந்த ஜன்னலைச் சாத்தும்.

நான் ஏனோதானோவெண்டு முடிவு எடுக்கேல்லை. பூக்கட்டிப் பார்த்தனான். நீர் இஞ்ச வளந்தனீர் போல, உமக்குத் தெரியுமோ தெரியாது. ஒரு தாளில வெள்ளைப் பூ, ஒரு தாளில சிவத்தப் பூ. ரெண்டையும் ஒரே மாதிரி மடிச்சு அம்மன் படத்துக்கு முன்னால போட்டு, சின்னப் பிள்ளை ஒண்டைக் கொண்டு எடுப்பிக்கிறது. பிள்ளைக்குக் கள்ளம் தெரியாதெல்லோ. கலியாணப் பேச்சுக்குப் பார்ப்பினம், ஒப்பரேசனுக்குப் பார்ப்பினம். கோயிலில ஐயரைக் கேக்க, "அம்மா, இதெல்லாம் அம்பாளிட்டைக் கேக்கிற விசயமோ?" எண்டு சிரிச்சுப்போட்டார். சரியெண்டு வீட்டில பார்த்தன். வெள்ளையெண்டா உள்ளுக்கு, சிவப்பெண்டா வெளியில எண்டு மனசுக்குள்ள நேந்தன். நிலாணியைக் கூப்பிட்டன்.

"பெரியம்மா, இது என்ன கேம்?"

"கேம் இல்லையடி குஞ்சு. கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை எடு."

வெள்ளை வந்தது.

பிறகுதான் ஞாபகம் வந்தது, அண்டைக்கு அடுப்பில மீன் குழம்பு. மச்சம் காய்ச்சின வீட்டில பார்த்த பூ எப்பிடிச் சரிவரும்? அடுத்த வெள்ளிக்கிழமை வீடு கழுவி, தலை முழுகி, மரக்கறி மட்டும் சமைச்சு, திரும்பப் பார்த்தன். அவள் பென்சில் பொக்ஸைக் கையில வைச்சுக்கொண்டு ஓடி வந்து டக்கெண்டு எடுத்தாள். வெள்ளை.

பிள்ளைக்கு விளையாட்டுப் புத்தி. கையில பொக்ஸை வைச்சுக்கொண்டு எடுத்தால் அதில என்ன பக்தி இருக்கும்? அதோட ஒரு விசயத்தை மூண்டு தரம் பார்க்கவேணும் எண்டு ஊரில சொல்லுவினம். மூண்டாம் முறை அவள் இல்லை, பள்ளிக்கூடத்தால எங்கயோ கூட்டிக்கொண்டு போயிட்டினம். நானே இருந்து, நானே மடிச்சு, கண்ணை மூடிக்கொண்டு நானே எடுத்தன். சிவத்தப் பூ ரோசா, கொஞ்சம் தடிப்பு, தாளுக்கு மேலால தெரியும். ஆனா நான் பார்க்கேல்லை. கண் மூடித்தானே இருந்தனான். கை தானாப் போனது, பிள்ளை. ஆரோ பிடிச்சுக் கொண்டுபோன மாதிரி இருந்தது. விரிச்சுப் பார்க்கச் சிவப்பு.

அண்டைக்குப் பிறகுதான் எனக்கு நெஞ்சிடி குறைஞ்சது.

பக்கத்து வீட்டில பொப் எண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர். தக்காளி காய்ச்சா எனக்கு ஒரு பையில கொண்டுவந்து வைப்பார். இப்ப கொஞ்ச நாளா ஜன்னலில பெரிய கொடி கட்டியிருக்கிறார். அவரைக் கேட்டன், எங்கட ஆக்களுக்கு ஏதும் வில்லங்கம் வருமோ எண்டு. "உன்னைச் சொல்லேல்லை. நீ நல்லவள், நீ வேலை செய்யிறாய்" எண்டவர். மேகலாவும் வேலை செய்யிறவள்தானே. அவளையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார். நான் திருப்பிக் கேக்கேல்லை. கேட்டா, நம்பேல்லை எண்டு நினைப்பார்.

அவர் இன்னொண்டும் சொன்னவர். வோட் போடுற மண்டபத்தில பென்சில்தான் நூலில கட்டி வைச்சிருப்பாங்களாம். பென்சிலால போட்டா அழிச்சு மாத்திப்போடுவாங்களாம், பேனை கொண்டு போ எண்டு. உண்மையோ பொய்யோ, எதுக்கும் கொண்டு வந்திருக்கிறன். இஞ்ச பாரும். நிலாணியின்ரை. என்ரை வீட்டில பேனை எங்க இருக்கு? விடிய வேலைக்கு வெளிக்கிடேக்கை அவளின்ரை பையிலயிருந்து எடுத்தன். பள்ளிக்கூடப் பையை என்ரை வீட்டிலதான் விட்டிட்டுப் போறவள். மேல குஞ்சம் வைச்சிருக்கு பாரும், முயல் வால் மாதிரி. பின்னேரம் தேடுவாள். போகேக்கை குடுத்திடுவன்.

பொறும், போன் அடிக்குது. அவள்தான்.

ஓம் மேகலா. பஸ்ஸில நிக்கிறன், தண்ணி, வெள்ளம். ஓம், போட்டாச்சு. விடியவே போட்டாச்சு. பின்ன வேற என்ன போடுவன், உனக்காகத்தான் போட்டனான். அழாதை. விசரி, எதுக்கு அழுறாய். ஓம், சொல்லு அவருக்கு. வாறன், வந்து சாப்பிடுறன். சம்பலுக்கு உப்பைக் குறை. வை.

நான் போட்டிட்டன் எண்டவுடன அழுறாள். ரூபன் சொன்னவராம், மச்சாள் எங்கட பக்கம் எண்டாலே போதும், வீட்டைப் பார்க்கத் துவங்கலாம் எண்டு. என்ரை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒண்டு விற்பனைக்கு இருக்காம், போட்டிருக்கிற பலகையைப் படம் எடுத்துக்கொண்டு வந்தவராம். பார்த்தீரே? நான் சொன்னன்தானே, அவர் வெருட்டினவர் எண்டு. மனசில ஆசை இங்கதான். இரவு முழுக்க முழிச்சிருந்து ரீவி பார்க்கப் போறாராம். புட்டுக்கு மா குழைச்சு வைச்சிருக்கிறாள்.

பொய் சொன்னன் எண்டு பார்க்கிறீரோ? அது பொய்யில்லை, பிள்ளை. இன்னும் போடேல்லை, அவ்வளவுதான். அவளுக்காகத்தான் போடப்போறன். அவளுக்கே தெரியாது தனக்கு எது நல்லதெண்டு. சின்னனிலயும் இப்பிடித்தான். மருந்து குடிக்கமாட்டாள். மூக்கைப் பிடிச்சுப் பருக்கித்தான் வளர்த்தனான். ஒரு சின்ன அந்தரம், கஷ்டம் இருக்கும், ஒரு மாசம் ரெண்டு மாசம். பிறகு ஆர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அவள் இஞ்ச. நான் இஞ்ச. பொழுதுபட்டா ஜன்னலில சீலை தொங்கும். நான் திறப்பை எடுத்து வீட்டைத் திறப்பன்.

ஆ, பஸ் அசையுது. தண்ணி வடிஞ்சிட்டுது போல. இல்லை, வடியேல்லை. அதுக்குள்ளாலதான் விடுறான். பாரும், பஸ்ஸின்ரை சில்லு அரைவாசிக்குத் தண்ணியில நிக்குது. முருகா.

டனூட்டா எழும்பிறாள். அவளும் இஞ்சதான் இறங்கிறவள், சேர்ச்சுக்குப் பின்னால வீடு. குடை கொண்டு வரேல்லை, என்ரை குடைக்குள்ளதான் வருவாள். அந்தா, எனக்குக் கை காட்டுறாள், வா எண்டு.

சரி, நான் வாறன். உம்மட கதை ஒண்டும் கேக்கேல்லை, நானே கதைச்சுக்கொண்டு வந்திட்டன். நீர் வோட் போட்டிட்டீரோ? எந்தப் பக்கம்?

இல்லையோ? ஏன்?

பிரான்ஸ் பாஸ்போட்டோ. நீரும் எங்கட மேகலா மாதிரி. அதுதானோ அங்க பஸ் ஸ்ரொப்பில முகம் அப்பிடிப் போனது. கையைக் குடும், கை சில்லிட்டுக் கிடக்கு. பயப்படாதையும், பிள்ளை. உங்களைச் சொல்லேல்லை. உங்களை ஆர் என்ன செய்யப்போறாங்கள்? எங்க இருக்கிறீரோ அங்கதான் இருப்பீர்.

மணியை அமத்தும், எனக்கு எட்டாது. அந்தப் பேனையை விட்டிட்டன், சீற்றில கிடக்கு. எடுத்துத் தாரும். ஓம், அதுதான்.

பென்சிலெண்டா அழிச்சுப்போடலாம். இது அழியாது.